தூங்கினானாம்

"டீச்சர், இது பார்த்த இறந்தகாலமா, கேட்ட இறந்தகாலமா?" என்று தெல்கெர்சோ கேட்டதும் எனக்கு உச்சந்தலைக்குச் சூடு ஏறியது. அந்த வாரம் மட்டும் அவள் அதைக் கேட்பது ஐந்தாவது தடவை.

சுரங்க முகாமில் ஒரு கண்டெய்னர்தான் என் வகுப்பறை. வெளியே தென் கோபிப் பாலைவனத்தின் வசந்தக் காற்று தகரத்தில் மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு பேர், பகல் ஷிஃப்ட் முடிந்த கையோடு, உப்புப் பால் டீயை உறிஞ்சியபடி, பாதித் தூக்கத்தில். அந்த மாதத்திலிருந்து விபத்து அறிக்கைகளை அவரவரே நேராக ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டிருந்தது. விபத்து என்றால் நடந்து முடிந்தது. ஆகவே ஆறு மாதமாக நான் இறந்தகாலம் ஒன்றையே போட்டுக் குத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் மொழியில் நடந்து முடிந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்லியாக வேண்டும். கண்ணால் பார்த்தாயா, 'வந்தான்'. எவனோ சொன்னானா, 'வந்தானாம்'. வாசலில் அவன் குதிரை கட்டியிருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாயா, 'வந்திருக்கிறான் போல'. ஒவ்வொன்றுக்கும் வினைச்சொல்லில் வேறு வேறு வால். வாலை மாற்றி ஒட்டினால் பொய் சொன்ன மாதிரிதான். அப்படிப் பேசியே பழகிய வாய்க்கு ஆங்கிலத்தின் மொட்டை இறந்தகாலம் பிடிபடுவேனா என்கிறது.

"பார்த்ததும் இல்ல, கேட்டதும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான்," என்றேன். "நடந்துச்சா? முடிஞ்சுதா? போடு. நீ பார்த்தியா, உன் மாமியார் வந்து சொன்னாங்களான்னு வெள்ளைக்காரனுக்குக் கவலையே கிடையாது."

"அப்படின்னா புளுகுறவனுக்கு நல்ல வசதியான பாஷை டீச்சர்," என்றான் கிரேன் ஓட்டும் ஷரவ்.

"கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய்ம்பாங்க. இவங்களுக்கு ரெண்டுமே மெய். வாயை மூடிட்டு எழுது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமை, நறுக்கென்று சொல்லிவிட்டேன் என்று. வாய்க்கொழுப்பு.

வால் இல்லாத குறையை அவர்கள் தாங்களே ஒரு வழியாகச் சரிக்கட்டியிருந்தார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் 'மேபீ'. நேற்று மழை பெய்தது மேபீ. என் தம்பி ஊருக்குப் போனான் மேபீ. உன் தம்பிதானே, போனானா இல்லையா என்றால், "போனான்னு அம்மா போன்ல சொன்னாங்க டீச்சர், நான் பார்க்கலியே" என்பார்கள். எரிச்சல் தாங்காமல் ஒரு சட்டம் போட்டேன். ஒரு மேபீக்கு, அவரவர் பையில் வைத்துக் கொறிக்கிற உலர்ந்த தயிர்க்கட்டி ஒன்று அபராதம். என் மேஜை டப்பா ஒரே வாரத்தில் நிரம்பி வழிந்தது.

அபராதமே கட்டாத ஒரே ஆள் கன்புரெவ் அண்ணன். அவர் வாயைத் திறந்தால்தானே. ஐம்பத்திரண்டு வயது, தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பனிச்சாவு வந்த வருடம் இருந்த ஆடு குதிரை அத்தனையும் நின்ற இடத்திலேயே விறைத்துப்போக, மிச்சமிருந்த சேணத்தைக் கூடாரத்தில் மாட்டிவிட்டுச் சுரங்கத்துக்கு வந்தவர். இரண்டு பெண்கள், இரண்டும் தலைநகரில் நர்ஸ் படிப்பு. ஆறு மாதமாகக் கடைசி பெஞ்சில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வார், உதடு மட்டும் அசையும்.

"வாயைத் திறங்கண்ணே. உள்ள என்ன, கறிக் கொழுக்கட்டையா?" என்று நான் கத்துவேன்.

சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் தெல்கெர்சோ ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தாள். இருபத்தாறு வயது, ரேடியோ அறையில் வேலை. லாரிகள் பேசுவதைக் கேட்டுக் குறித்துவைப்பதுதான் அவள் உத்தியோகம். முதன்முதலாக ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது.

"கொஞ்சம் பார்த்துக் குடுங்க டீச்சர். தப்பு இருந்தா மானம் போயிடும்."

மறுநாள் காலை இரண்டு வாரப் பணி முடிந்து ஊருக்குக் கிளம்புகிற பஸ்ஸில் போக வேண்டியவள் நான். திருத்த வேண்டிய நோட்டுகள் குவிந்து கிடந்தன. தாளை வாங்கி மேலோட்டமாக ஓட்டினேன். மதியம் இரண்டு நாற்பதுக்குத் தண்ணீர் லாரி ஒன்று சாலையைவிட்டு விலகி விளக்குக் கம்பத்தில் மோதியிருந்தது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. மூன்றாவது வரியில் என் கண் நின்றது. 'ஆட்கள் சொல்கிறார்கள், டிரைவர் ஸ்லெப்ட் மேபீ.'

"அடிப் பாவி, அறிக்கையிலயுமா மேபீ? படிக்கிறவன் சிரிப்பான்டி."

'ஆட்கள் சொல்கிறார்கள்' என்பதை அடித்தேன். 'மேபீ'யையும் அடித்தேன். ஸ்லெப்ட் என்று சரியாக எழுதியிருந்தாள், அதற்கு ஓரத்தில் ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன். அவள் பையிலிருந்து ஒரு தயிர்க்கட்டியை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுப் போனாள். நான் பார்த்ததெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான். லாரிக்குள் ஒரு ஆள் இருந்தார், அவர் யார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறப் பையோடு நின்றவளைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து போன் போட்டுப் பிடித்தார்கள். பத்து மணிக்கு விசாரணை, மொழிபெயர்க்க ஆள் இல்லை, அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளுங்கள் என்றார்கள். சரி என்று போனேன். கையில் கோப்பைக் கொடுத்தார்கள். மேலே பெயர்: கன்புரெவ். உள்ளே நான் அழகாகச் சீவிக்கொடுத்த வாக்கியம், சுத்தமாகத் தட்டச்சு செய்து: டிரைவர் ஸ்லெப்ட்.

பெயரை மறுபடி படித்தேன். அந்தச் சுரங்கத்தில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், ஸ்டியரிங்கில் தூங்கினால் மட்டும் மன்னிப்பில்லை. அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சுரங்கமும் சேர்க்காது. ஐம்பத்திரண்டு வயதில், ஆடும் இல்லாமல் லாரியும் இல்லாமல் அந்த மனிதர் எங்கே போவார்?

தாழ்வாரத்தில் தெல்கெர்சோ நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"ஏண்டி, நீ பார்த்தியா அவர் தூங்கினதை?"

"நான் எப்படி டீச்சர் பார்ப்பேன்? நான் நாலு கிலோமீட்டர் தள்ளி ரேடியோ முன்னாடி உக்காந்திருந்தேன். நிலக்கரி லாரிக்காரன் ஒருத்தன் கூப்பிட்டு, 'தண்ணி லாரி கம்பத்துல போய் நிக்குது, தூங்கிட்டிருப்பான் போல'ன்னான்."

"அவனாவது பார்த்தானா?"

"அவன் வர்றப்ப லாரி ஏற்கெனவே மோதி நின்னுச்சாம். நான் எழுதித்தானே இருந்தேன், ஆளுங்க சொல்றாங்கன்னு? நீங்கதானே அடிச்சீங்க!" அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "இங்கிலீஷ்ல பார்த்ததும் கேட்டதும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன். நானேதான் சொன்னேன். ஆங்கிலத்திலும் கேட்டதைக் கேட்டதாகச் சொல்ல முடியும், அதற்குத் தனியாக இரண்டு வார்த்தை சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அவள் சேர்த்த அந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் அடித்துப்போட்டேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கன்புரெவ் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. நெற்றியில் பிளாஸ்திரி. தொப்பி முழங்காலில். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், வகுப்பில் நிற்கிற மாதிரியே.

"உக்காருங்கண்ணே. நெஜமா சொல்லுங்க. தூங்கினீங்களா?"

யோசித்தார். அவசரமே இல்லாத யோசனை, அவசரமெல்லாம் எனக்குத்தான்.

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க டீச்சர். அப்ப தூங்கிட்டிருப்பேன் போல."

"எல்லாரும் சொல்றது கிடக்கட்டும். நீங்க என்ன பார்த்தீங்க?"

"தூசி. ஒரே தூசி, முன் கண்ணாடில கம்பளியைப் போட்டு மூடின மாதிரி. அப்புறம் கம்பம். நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தூங்குறவன் தான் தூங்குறதைப் பார்க்க முடியுமா?" பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். "தூங்கலைன்னு சொன்னாலும் அதுவும் நான் பார்க்காததுதான்."

இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு ஒருவன் என்றால், தூசி டீச்சர், சத்தியமாகத் தூசிதான் என்று அழுது புரண்டிருப்பான். இவர் தன் தூக்கத்துக்கே வேறு ஆளைச் சாட்சிக்குத் தேடுகிறார்.

"கேளுங்கண்ணே. உள்ள அவர் என்ன கேட்டாலும், இப்ப என் கிட்ட சொன்னீங்கள்ல, அதையே நம்ம பாஷையில சொல்லுங்க. தூசி, அப்புறம் கம்பம், நடுவுல தெரியாது. அவ்வளவுதான். இங்கிலீஷுக்கு நான் மாத்திக்கறேன். புரியுதா?"

"புரியுது டீச்சர்," என்றார். "உங்களுக்கு வீண் சிரமம். பஸ்ஸை வேற விட்டுட்டீங்களாமே."

பாதுகாப்பு அதிகாரி டெரக் ஆஸ்திரேலியாக்காரர். கெட்டவர் இல்லை. போன வருடம் ஒரு டிரைவர் உண்மையாகவே தூங்கி, இரண்டு பேரின் உயிர் போனது. அதற்குப் பிறகு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் முகம் கல்லாகிவிடும். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள் மூவர். அவர் முன்னால் ஒரு கோப்பு, என் முன்னால் அதன் நகல். மொழிபெயர்ப்பாளர் என்றால் குழாய் மாதிரி இருக்க வேண்டும், இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் விட வேண்டும், சொந்தமாகச் சொட்டக் கூடாது. அந்த விதியையும் என் வகுப்பறையில் நான்தான் ஒரு காலத்தில் பாடமாக எடுத்திருக்கிறேன்.

டெரக் தாளைத் தூக்கிக் காட்டினார். "இதை எழுதியது நீங்களா?"

மாற்றிச் சொன்னேன். தெல்கெர்சோ தலையாட்டினாள்.

"டிரைவர் தூங்கினாரா?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அவர் கேட்டதில் வால் இல்லை. என் வாய்க்கு வந்ததும் அதற்கு ஒரு வால் வேண்டும். 'தூங்கினாரா' என்று கேட்டால் நீ பார்த்தாயா என்று அர்த்தம், இல்லை என்பாள், அறிக்கை பொய் என்று ஆகி அவள் வேலை போகும். 'தூங்கினாராமா' என்று கேட்டால் ஆமாம் என்பாள், அது ஆங்கிலத்தில் வெறும் ஆமாமாகப் போய் இவர் கழுத்தை அறுக்கும். ஒரு வாலுக்கு இரண்டு குடும்பம். டெரக் பேனாவைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார்.

நான் கோப்பை மூடினேன்.

"மன்னிக்கணும். இதை நான் மொழிபெயர்க்க முடியாது. இதுல நானும் ஒரு கட்சி."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டினேன். அவள் பார்க்கவில்லை, கேட்டதைத்தான் எழுதினாள், கேட்டது என்றும் எழுதியிருந்தாள், அடித்தது என் பேனா என்றேன். எங்கள் மொழியின் வால்களைப் பற்றிச் சொன்னேன். நிலக்கரி லாரிக்காரனும் பார்க்கவில்லை என்றேன். இந்த அறிக்கையில் கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்கூட இல்லை, இருப்பதெல்லாம் நான் திருத்திய இலக்கணம்தான் என்றேன். அழுகை வேறு வந்து தொலைத்தது.

டெரக் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்படியென்றால் ஆறு மாதமாக இவர்களுக்கு நீங்கள் என்னதான் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்றார்.

குரல் உயரவில்லை. ஆனாலும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பின்னால் கன்புரெவ் அண்ணன் தெல்கெர்சோவிடம் கிசுகிசுப்பது கேட்டது. "ஏம்மா, டீச்சரை எதுக்குத் திட்டுறாரு?"

"நாமெல்லாம் இங்கிலீஷ் ஒண்ணும் கத்துக்கலியாம்ணே. இவங்க சரியா சொல்லிக்குடுக்கலியாம்."

"இவங்களா? எவ்வளவு தொண்டை கிழியக் கத்தினாங்க!"

டெரக் அறிக்கையை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். சாட்சியம் இல்லை என்று ஓரத்தில் எழுதினார். நான் தலைகீழாகப் படித்தேன். தூசி, பார்வைக் குறைவு என்று போட்டு மூடப்போகிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் செய்யப்போனார். கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி. விதிப்படி நான் கேட்டாக வேண்டும், அப்புறம் போகலாம்." அவர் கன்புரெவ் அண்ணனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல ஆங்கிலத்தில் கேட்டார். "நீங்கள் தூங்கினீர்களா?"

நான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை எந்த வால் என்று எனக்குத் தெரியும். என் பதிலும் தயார். தூசி, அப்புறம் கம்பம்.

"இருங்க டீச்சர்," என்றார் கன்புரெவ் அண்ணன். "எனக்குப் புரிஞ்சுது. நானே சொல்றேன்."

"அண்ணே, வேண்டாம், நம்ம பாஷையிலயே..."

அவர் எழுந்து நின்றுவிட்டார். தொப்பியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உதடு இரண்டு தடவை சத்தமில்லாமல் அசைந்தது. பிறகு நிமிர்ந்து, டெரக்கின் முகத்தை நேராகப் பார்த்து, உரக்க, தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

"ஐ ஸ்லெப்ட்."

டெரக் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

"இல்ல, இல்ல! அவர் சொன்னது அது இல்ல!" நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "தூங்கியிருப்பேன் போல, அதுதான் அவர் சொல்றது! அதைச் சொல்ல அவருக்கு இங்கிலீஷ்ல வார்த்தை தெரியாது! நான் குடுக்கல!"

"உந்தர்மா," என்றார் டெரக், என் பெயரை மென்மையாகச் சொல்லி. "நான் கேட்டது அவருக்குப் புரிந்தது. அவர் என்னிடமே, என் மொழியிலேயே பதில் சொன்னார். இதில் நீங்கள் மொழிபெயர்க்க எதுவும் இல்லை."

அவர் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். நான் என் மொழிக்குத் திரும்பி, சொல்லுங்கண்ணே, இன்னொரு தடவை நம்ம பாஷையில சொல்லுங்க என்று கெஞ்ச நினைத்தேன். டெரக்கின் பேனா நிற்கவில்லை. தெல்கெர்சோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாங்கள் படபடவென்று பேசிய ஆங்கிலம் கன்புரெவ் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார், டெரக் எழுதுவதைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் காது சிவந்துவிட்டது. என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"தப்பா சொல்லிட்டேனா டீச்சர்? ஸ்லெப்ட்தானே?"

"ஆமாண்ணே," என்றேன். "சரியாத்தான் சொன்னீங்க."